மெதுவாக ஆடுவதுதான் குழந்தைக்குக் கஷ்டம்

வாசகர் கேள்வி – பதில்

சின்னக் குழந்தைகளுக்கு இசையின் வேகத்தை எப்படிப் புரியவைப்பது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருவதுதான் என் வேலை. பதில்கள் பெரும்பாலும் வகுப்பில் பார்த்துப் பழகியவை.

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. டிரம்மை வேகமாகத் தட்டி, "இது வேகமா, மெதுவா?" என்று கேட்டால் பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள். அதே வேகத்தில் விரல் நுனியால் தட்டினால் "மெதுவா" என்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: பிள்ளைகள் சொன்னது அவர்கள் அளவில் சரிதான் அம்மா. "மெதுவாப் பேசு" என்று பெரியவர்கள் சொன்னால் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் பதில் வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் கேட்கிற இசையில் வேகம் கூடும்போது பெரும்பாலும் சத்தமும் கூடுகிறது, குரலும் மேலே ஏறுகிறது. எப்போதும் சேர்ந்தே வருகிற மூன்றையும் ஒன்றென்று நினைப்பது இயல்பு.

முதலில் வாயால் பதில் கேட்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். என் வகுப்பில் காலை வேகத்துக்கும் கையைச் சத்தத்துக்கும் என்று பிரித்துக் கொடுத்துவிடுவேன். டிரம் போகிற வேகத்துக்குக் கால் நடக்க வேண்டும். சத்தம் பெரிதாகும்போது இரண்டு உள்ளங்கைகளும் விலக வேண்டும், சத்தம் சுருங்கும்போது நெருங்க வேண்டும். ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு நாள் கால் மட்டும், இன்னொரு நாள் உட்கார்ந்துகொண்டு கை மட்டும். இரண்டும் தனித்தனியாக வந்த பிறகு சேர்க்கலாம். அப்போது வகுப்பே கொஞ்சம் குழம்பும். குழம்பட்டும், அந்த இடத்தில்தான் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம், பழக்கமில்லாத சேர்க்கைகளில் தொடங்குங்கள். வேகமாக ஆனால் மெல்லிய சத்தத்தில்: எலி நுனிக்காலில் ஓடுகிறது. நிதானமாக ஆனால் பலத்த சத்தத்தில்: யானை வருகிறது. எலியும் யானையும் சரியாக வந்துவிட்டால், வேகமும் சத்தமும் வேறு வேறு என்பது உடம்புக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலிக்கு ஒரு கருவி, யானைக்கு வேறு கருவி என்று மாற்றிவிடாதீர்கள். மணியை வேகத்துக்கும் பெரிய டிரம்மை நிதானத்துக்கும் வைத்தால், பிள்ளை மணியின் கீச்சுக்குரலைக் கேட்டே ஓட ஆரம்பித்துவிடும். ஒரே டிரம், தோலில் ஒரே இடம். மாறுவது வேகமும் சத்தமும் மட்டுமாக இருக்கட்டும். உங்கள் குரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். "வேகமா!" என்று சொல்லும்போது நம்மை அறியாமலே குரல் உச்சத்துக்குப் போய்விடும்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. எந்தப் பாட்டாக இருந்தாலும் ஓட்டமாக ஓடுகிறான். மெதுவாகப் பாடினால் இரண்டு வரிகூடத் தாங்குவதில்லை. அவனுக்கு லயம் வராதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: கவலைப்படாதீர்கள் ஐயா. ஒரு காரியம் செய்து பாருங்கள். மேசையில் அவன் இஷ்டப்படி சீராகத் தட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் உங்களுக்குச் சௌகரியமான வேகத்தில் தட்டுங்கள். பெரியவர்கள் சும்மா தட்டும்போது இரண்டு தட்டுக்கு நடுவே அரை வினாடிக்குச் சற்று மேல் விடுகிறோம். நாலைந்து வயதுக் குழந்தை அரை வினாடிக்கும் குறைவாகவே விடுகிறது. அவனுடைய சொந்த நடை உங்கள் நடையைவிட வேகமானது, அவ்வளவுதான். வயது ஏற ஏற அந்த நடை தானாகத் தணியும். நீங்கள் மெதுவாகப் பாடும்போது அவனுடைய நடையை விட்டு வெகுதூரம் வந்து உங்களோடு சேரச் சொல்கிறீர்கள். அது அவனுக்குப் பெரிய வேலை.

இந்தத் துறையில் பலரும் வேகத்தைச் சொல்லித் தருவதில் நிறைய நேரம் செலவிடுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறு. வேகம் குழந்தைக்குத் தானாக வரும், மெதுவுக்குத்தான் நாம் துணை நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மெதுவாகப் போகும்போது இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு காலி இடம் வருகிறது. அந்த இடத்தில் என்ன செய்வதென்று குழந்தைக்குத் தெரியாது. அதனால் அடுத்த தட்டை முன்னாலேயே போட்டுவிடுகிறது. "பொறு, பொறு" என்று நாம் சொல்வதால் பயனில்லை. பொறுப்பது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நாலு வயதில் அது முடியாத காரியம். அந்த இடைவெளியில் செய்வதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

மெல்லிய துணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய துப்பட்டா போதும். தட்டு விழும்போது மேலே வீசச் சொல்லுங்கள், அடுத்த தட்டுக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். துணி இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவனால் அவசரப்படுத்த முடியாது. கண் துணியின் மேல் இருக்கும், இடைவெளி நிரம்பிவிடும். இன்னொரு வழி பந்து. எதிரெதிரே காலை நீட்டி உட்காருங்கள். ஒரு தட்டுக்கு நீங்கள் உருட்டுங்கள், அடுத்த தட்டுக்கு அது அவன் கைக்கு வந்து சேரட்டும். வேகம் குறையக் குறையக் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்காருங்கள். எதுவும் கையில் இல்லையென்றால், முழங்காலில் ஒரு தட்டு, அங்கிருந்து இரண்டு கையையும் பெரிய வட்டமாகத் தலைக்கு மேல் கொண்டுபோய் மறுபடி முழங்காலில் ஒரு தட்டு. வட்டம் பெரிதாக இருக்க வேண்டும். மெதுவான இசைக்குச் சின்ன அசைவைக் கொடுத்தால் அது தொய்ந்துபோகும்.

நடக்கச் சொல்லியும் பழக்கலாம். எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950) என்ற இசை ஆசிரியர் ஜெனீவாவில் மாணவர்களை எழுந்து நடக்கவைத்துத்தான் லயம் கற்பித்தார். அவர் வழியில் வந்தவர்கள் இன்றும் பியானோ வாசித்துப் பிள்ளைகளை நடக்கவிடுகிறார்கள். ஆனால் மூன்று, நாலு வயதில் மிக மெதுவான நடையைக் கேட்காதீர்கள். மெதுவாக நடக்க ஒற்றைக் காலில் வெகுநேரம் நிற்க வேண்டும். அந்த வயதில் உடம்பு தள்ளாடும், விழாமல் இருக்க அடுத்த காலை உடனே வைத்துவிடுவான். அதைப் பார்த்து லயம் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. ரொம்ப மெதுவான இசைக்கு நின்ற இடத்தில் பக்கவாட்டில் சாய்ந்தாடுவது போதும். நடக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் கொடுத்து, சிந்தாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். மெதுவாகப் போக அவனுக்கே ஒரு காரணம் கிடைத்துவிடும்.

எங்கே தொடங்குவது என்றால், அவன் நடையில் தொடங்குங்கள். அவனை அறையில் இஷ்டப்படி நடக்கவிட்டு, அவன் காலடி விழும்போது நீங்கள் தட்டுங்கள். முதல் சில நாள் நீங்கள்தான் அவனைப் பின்பற்ற வேண்டும். சேர்ந்து போவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்த பிறகு, துளி வேகமாக்குங்கள், பழைய வேகத்துக்கு வாருங்கள், துளி மெதுவாக்குங்கள், மறுபடி பழைய வேகம். ஓட்டத்திலிருந்து ஒரேயடியாக ஊர்ந்து போவதற்கு இறக்காதீர்கள். பாட்டு நின்றால் சிலையாக நிற்கும் விளையாட்டையும் நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவைவிட நிற்பது எளிது. ஓடும் காலை நிறுத்தத் தெரிந்த குழந்தைக்கு அந்தக் காலைத் தணிக்கவும் சீக்கிரம் வந்துவிடும்.

கேள்வி: வைத்த வேகத்தில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் கருவி வாங்கலாமா? கைபேசிச் செயலி போதுமா?

பதில்: செயலியே போதும், ஆனால் அது உங்களுக்கு. குழந்தைக்கு இப்போது வேண்டாம். மெல்சல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815இல். வளர்ந்த கலைஞர்கள் வேகத்தை எண்ணில் குறித்துவைக்க உதவும் கருவி அது. நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் வினாடிக்கு ஒரு தட்டு, 120 என்றால் இரண்டு. இரண்டரை வயது முதல் நாலரை வயதுவரை உள்ள குழந்தைகளை வைத்து கிர்ஷ்னர், டொமசெல்லோ இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. எதிரே ஒரு மனிதர் இருந்து டிரம் தட்டியபோது குழந்தைகள் சேர்ந்து தட்டியது நன்றாக இருந்தது. இயந்திரம் தட்டியபோதும், ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் மட்டும் வந்தபோதும் அந்த அளவுக்கு வரவில்லை. வகுப்பில் நான் பார்ப்பதும் அதுதான். அவர்கள் என் கையையும் முகத்தையும் பார்த்துச் சேர்கிறார்கள்.

உங்களுக்கு எதற்கு என்றால், பிள்ளைகளோடு பாடும்போது நாமும் அவர்களோடு ஓட ஆரம்பித்துவிடுவோம். வகுப்புக்கு முன் ஒரு நிமிடம் செயலியைப் போட்டு, இன்றைய பாட்டின் வேகத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு, அணைத்துவிட்டு உள்ளே போங்கள்.

கேள்வி: ஆறு வயது மாணவிக்குக் கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசை சொல்லித் தருகிறேன். முதல் காலம் ஒழுங்காக வருகிறது. இரண்டாம் காலம் என்று சொன்ன உடனே தாளம் போடும் கையும் சேர்ந்து ஓடுகிறது. எத்தனை தடவை சொன்னாலும் மாறவில்லை.

பதில்: "இரண்டாம் காலம் என்றால் வேகமாகப் பாடு" என்றுதான் பெரும்பாலும் நாம் சொல்கிறோம். அவள் வேகமாகவே பாடுகிறாள். குழந்தைகளிடம் அந்த விளக்கம் செல்லாது, ஏனென்றால் இங்கே நடப்பது இரண்டு வேறு சங்கதி. தாளமே விரைவாகப் போவது ஒன்று. விளம்பம் (மெதுவு), மத்திமம் (நடுத்தரம்), துரிதம் (விரைவு) என்பதெல்லாம் அதைத்தான். தாளம் அதே நடையில் இருக்க, ஒரு தட்டுக்குள் போகிற ஸ்வரங்கள் கூடுவது இன்னொன்று. முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. முதல் வரிசையின் ஆரோகணத்துக்கு, அதாவது ஏறுகிற ஸ்வரங்களுக்கு, முதல் காலத்தில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முழுதாகத் தேவைப்படுகிறது. இரண்டாம் காலத்தில் ஏறி இறங்கி முடிக்கவே அதே ஓர் ஆவர்த்தனம் போதும்.

"வேகமாக" என்ற பேச்சையே எடுத்துவிடுங்கள். "ஒரு தட்டுக்கு இரண்டு" என்று சொல்லிப் பாருங்கள். ஸ்வரமும் ஒரு வாரம் வேண்டாம், சொற்கட்டு போதும். அவள் நின்ற இடத்தில் இடது வலது என்று கால் மாற்றட்டும். ஒரு காலடிக்கு "தா". கால் அப்படியே போக, காலடிக்கு "தக". அப்புறம் "தகதிமி". கையைவிடக் கால் கனமானது, வாயோடு அவ்வளவு சுலபத்தில் ஓடாது. காலில் நிலைத்த பிறகு தாளத்தைக் கைக்குக் கொண்டுவாருங்கள்.

இதற்கு அடுத்த படிதான் முக்கியம். வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். அவள் தாளம் மட்டும் போடட்டும், வாயைத் திறக்க வேண்டாம். நீங்கள் முதல் காலம் பாடி, சொல்லாமலே இரண்டாம் காலத்துக்குப் போங்கள். அவள் கை தடுமாறும், உங்களோடு ஓடப் பார்க்கும். நீங்கள் அவள் கைக்குள்தான் பாடப் போகிறீர்கள் என்று முன்பே சொல்லிவையுங்கள்: "நீ போடுகிற தாளத்தில்தான் டீச்சர் பாட முடியும், நீ ஓடினால் எனக்கு மூச்சு முட்டும்." பொறுப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் அந்தச் சின்னக் கை எப்படி உறுதியாகிறது என்று பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். தன் கை அசையாமல் நிற்க, அதற்குள் ஒரு குரல் இரட்டிப்பதைக் குழந்தை உள்ளிருந்து கேட்கிறது. எவ்வளவு நேரம் விளக்கினாலும் இந்த அனுபவத்தைச் சொல்லால் கொடுக்க முடியாது.

வேறொரு நாள், முதல் காலத்தையே வைத்துக்கொண்டு தாளத்தை வேகமாக்கிப் பாருங்கள். "இன்றைக்குத் தாளமே ஓடுகிறது, ஆனால் தட்டுக்கு ஒரு ஸ்வரம்தான்." இரண்டையும் தனித்தனியாகச் செய்த குழந்தை பிறகு குழப்பிக்கொள்வதில்லை. ஆறு வயதில் மூன்றாம் காலத்துக்கு அவசரப்படவும் வேண்டாம் என்பது என் கருத்து. கை நிற்கும்வரை இரண்டு காலம் தாராளமாகப் போதும். மூன்றாம் காலம் தொடங்கும் நாளில், அவளால் எவ்வளவு வேகமாக நாலு ஸ்வரம் தெளிவாகச் சொல்ல முடியும் என்று முதலில் பார்த்து, அதற்குத் தகுந்தபடி தாளத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு ஒரு வயது. பாட்டுப் போட்டால் குதித்து ஆடுகிறான். அவனுக்கு வேகம் தெரியுமா?

பதில்: தெரியும் அம்மா, அவன் அளவில். ஐந்து மாதம் முதல் இரண்டு வயதுவரை உள்ள 120 குழந்தைகளை வைத்து ஸென்ட்னர், எரோலா இருவரும் செய்த ஆய்வு 2010இல் வந்தது. பேச்சைவிட இசைக்குக் குழந்தைகள் அதிகம் அசைந்தார்கள். இசை வேகமாக இருந்தபோது அசைவும் வேகமானது. ஆனால் தட்டோடு சேர்ந்து ஆடவில்லை, அது பிறகு வருவது. இப்போது அவனுக்குச் சொல்லித் தர எதுவும் வேண்டாம். மடியில் வைத்து ஆட்டுங்கள். ஒரே பாட்டை நிதானமாகப் பாடி ஆட்டி, கொஞ்சம் வேகமாகப் பாடி ஆட்டி, நடுவில் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்தியதும் முகத்தைப் பார்ப்பான். மறுபடி ஆரம்பிக்கும்வரை காத்திருப்பான்.

கேள்வி: வேகத்தைப் பழக்க என்ன இசையைக் கேட்கவைக்கலாம்? வேகமான பாட்டுக்குச் சிரித்த முகமும் மெதுவான பாட்டுக்கு அழுத முகமும் வரையச் சொல்லும் பயிற்சித்தாள் ஒன்று கிடைத்தது. கொடுக்கலாமா?

பதில்: பயிற்சித்தாளுக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்க வேண்டாம். ஐந்து வயதில் குழந்தைகள் வேகத்தை வைத்தே இசை சந்தோஷமா சோகமா என்று தீர்மானிக்கிறார்கள் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். ஏற்கனவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிற மனதை நாமும் அதே பக்கம் தள்ள வேண்டாமே. தாலாட்டு மெதுவானது, அதில் அழுகை இல்லை. மெதுவென்றால் சோகம் என்று ஒருமுறை ஒட்டிக்கொண்டால், நிதானமான இசை வரும்போதெல்லாம் பிள்ளை சோர்ந்து உட்கார்ந்துவிடும். ஆட மாட்டேன் என்றும் சொல்லும். மெதுவான இசை கம்பீரமாக இருக்கலாம், சுகமாக இருக்கலாம், மர்மமாக இருக்கலாம். அழுத முகத்துக்குப் பதில், "இந்தப் பாட்டுக்கு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். தூங்கலாம், மிதக்கலாம், பதுங்கிப் போகலாம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள்.

கேட்பதற்கு, பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886இல் எழுதிய விலங்குகளின் திருவிழா என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆமைகளுக்கான பகுதி, ஓஃபன்பாக் என்ற இன்னொரு இசையமைப்பாளரின் புகழ்பெற்ற துள்ளல் நடன மெட்டையே எடுத்து, மிக மெதுவாக வயலின் குடும்பத்துக் கருவிகளில் வாசிப்பது. முதலில் அந்த நடன மெட்டைச் சில நாள் போட்டு ஆடவிடுங்கள். பிறகு ஆமையைப் போடுங்கள், எதுவும் சொல்லாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை, "இது அந்தப் பாட்டு!" என்று கண்டுபிடிக்கும்.

ஆனால் பதிவுகளைவிட நீங்கள் பாடுவது மேல். பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை மூன்று வேகத்தில் பாடுங்கள். பாட்டு ஒன்றே என்பதால் காது வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். பதிவுதான் வேண்டுமென்றால், காணொளிச் செயலிகளில் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. பழைய ஒலிநாடாவில் வேகத்தைக் கூட்டினால் குரலும் கீச்சென்று ஏறிவிடும். இப்போதைய செயலிகளில் சுருதி மாறுவதில்லை. முக்கால் வேகம் நன்றாக வரும். பாதி வேகத்தில் ஒலி இழுபட்டுச் சிதைகிறது, அதைப் போடாதீர்கள். படத்தைக் காட்டாமல் ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள். திரையில் காட்சி ஓடுகிற வேகம் ஒன்று, இசையின் வேகம் ஒன்று என்று இருந்தால் கண்தான் ஜெயிக்கும்.

கேள்வி: குழந்தைக்குப் புரிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தலைமையை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு துணியோ குச்சியோ கையில் கொடுத்து, அது அசைக்கிற வேகத்துக்கு மற்றவர்கள் தட்டட்டும். முதலில் எல்லாப் பிள்ளைகளும் காட்டுத்தனமாக வேகமாகத்தான் அசைப்பார்கள், எல்லோரையும் ஓடவைப்பதில் அத்தனை ஆனந்தம். அதை அனுபவிக்கவிடுங்கள். சில தடவைக்குப் பிறகு, தானாகவே மெதுவாக ஒரு வேகத்தை எடுத்து, கொஞ்ச நேரம் அதிலேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு, "இன்னும் கொஞ்சம் மட்டும் மெதுவா" என்று கேளுங்கள். அந்தக் "கொஞ்சம்" வந்தால் நல்ல முன்னேற்றம். வேகத்தை மாற்றிவிட்டு, முதலில் இருந்த வேகத்துக்கே திரும்பச் சொன்னால் வருகிறதா என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம், பெரியவர்களே தடுமாறுவார்கள். அது வராவிட்டால் துணியையும் பந்தையும் எடுத்துக்கொண்டு இன்னும் சில மாதம் விளையாடுங்கள். சேராமல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளையிடமும் ஒரு நாள் அந்தத் துணியைக் கொடுங்கள். பார்த்துக்கொண்டிருந்தே நிறையக் கற்றிருக்கும்.